புத்தகத்தில் யார் பெயர்?

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் என்னைக் கேட்டபோது, தென்திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியிருந்தேன். அவர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கல்வெட்டுக்கு ஏற்கெனவே மூன்று கட்டுரை வந்தாயிற்று. நீங்கள் காரைப் பற்றி எழுதுங்கள்" என்றார்.

மார்த்தாண்டத்தில் என் தந்தையார் ஒரு சிறிய மோட்டார் பட்டறை நடத்தி வருகிறார். அந்த ஒரு காரணத்தால், காரியவட்டத்து விடுதியில் எவருடைய வண்டி மக்கர் செய்தாலும் என் அறைக் கதவுதான் தட்டப்படும். தமிழ்த்துறை ஆராய்ச்சி மாணவனுக்குக் கார்புரேட்டரோடு என்ன உறவு என்று கேட்பாரில்லை. இப்போது வரும் கார்களில் கார்புரேட்டரே கிடையாது என்பது வேறு விஷயம். கேட்டவர்களுக்குத் தந்தையாரின் வாக்கையே என் வாக்காகச் சொல்லி, இந்த நான்கு ஆண்டுகளில் ஓரளவு நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன்.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஓணம் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கார் கிளம்பவில்லை, ஏன் என்பார்கள். கார் நிற்கும்போதும் அதன் கடிகாரமும் பூட்டுக் கருவியும் பாட்டரியைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டேயிருக்கும். பாட்டரி பழையதானால் மூன்று வாரம் போதும். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் ஓட்டுங்கள். முடியாதவர்கள் ஊருக்குப் போகுமுன் கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்துவதானால் கைப்பிரேக்கைப் போட்டுவைக்காதீர்கள். ஈரத்தில் பிரேக் கட்டை உருளையோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுத்தால் போதும்.

டயரைப் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். விற்கிறவர் "புது டயர் சாரே" என்று சொன்னால் குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் நடுவில் ஓர் இரவு பெய்த மழையில் கழக்கூட்டம், டெக்னோபார்க் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கலாம். நீரில் நின்ற காரை மறுநாள் காலையில் ஆவலோடு சாவி போட்டுக் கிளப்பியவர்கள் பலர். அதுதான் தவறு. எஞ்சினுக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் இருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாது. நீர் சுருங்காது; பிஸ்டனைத் தாங்கும் தண்டுதான் வளையும். நீர் புகுந்த வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டு போனால் செலவு சில ஆயிரத்தில் முடியும். கிளப்பினால் எஞ்சினே போகும். தனியாக எஞ்சின் பாதுகாப்பு வாங்கியிராத பாலிஸியில் அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டு லைசென்ஸ் இங்கே செல்லுமா என்று முதலாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். செல்லும். இந்தியா முழுவதும் செல்லும். சென்னையில் வாங்கிய லைசென்ஸைத் திருவனந்தபுரத்தில் மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் தமிழ்நாட்டு எண் கொண்ட கார் என்றால் கதை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது. நாகர்கோயிலிலிருந்து சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் காருக்கு இந்தக் கவலை இல்லை. வண்டி வழக்கமாகக் கிடக்கும் இடமே கணக்கு. வருஷம் முழுவதும் விடுதி மரத்தடியில் கிடக்கும் காருக்கு உண்டு. பழைய ஊர் அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் இல்லை என்ற சான்று வாங்கி, இங்கே மிச்ச ஆண்டுகளுக்கு வரி கட்டி, அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். அலைச்சல்தான். அந்த அலைச்சலையும் வரியையும் தவிர்க்கப் புதுச்சேரி முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளம் முழுவதும் நாறியது. பெயர் பெற்றவர்கள் சிலர் மீதே வழக்குப் பதிவாயிற்று.

இந்தத் தொல்லை நம் பாட்டனார்களுக்கு இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில் இருந்தன. நாகர்கோயிலிலிருந்து இங்கே வர 70 கிலோமீட்டருக்கும் குறைவு. களியக்காவிளையில் எல்லை என்று ஒன்று இருந்ததில்லை. எல்லை வந்தபின் மனிதர்கள் எப்போதும் போலப் போகிறார்கள், வருகிறார்கள். சாலைக் கடைத்தெருவில் சரக்கு எடுக்கிறவருக்கும் தக்கலையில் பெண் கொடுக்கிறவருக்கும் எல்லை தோன்றுவதே இல்லை. வண்டியின் காகிதங்களுக்குத்தான் அது தோன்றுகிறது.

இதுவரை சொன்னவை பட்டறையிலோ அலுவலகத்திலோ ஒருவாறு தீர்ந்துவிடும். தீராத கேள்வி ஒன்று உண்டு. அதை நம் விடுதியில் ஒருவர் கூட என்னிடம் கேட்டதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதே அது. இப்போது அது புத்தகமாகவும் இல்லை. அட்டையாகி, கைப்பேசித் திரையில் தோன்றும் படமாகிவிட்டது. இருந்தாலும் நாம் புத்தகம் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

என் பெரியப்பா குழித்துறைக்கு அருகே ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது வந்த பணத்தில் ஒரு மாருதி 800 வாங்கினார். வெள்ளை நிறம், டி.என். 75 எண். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே கழுவுவார். பிள்ளைகளாகிய எங்களை வாளி தூக்க மட்டும் அனுமதிப்பார். 2013இல் கண்ணில் புரை விழுந்தது. மாலையில் எதிரே வரும் விளக்கு கூசுகிறது என்று சொல்லி வண்டியை விற்க முடிவு செய்தார்.

என் தந்தையாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தம்பியிடம் போய் என்ன கேட்பது என்று நினைத்தாரோ, என்னவோ. எல்லைப்பக்கத்துத் தரகர் ஒருவர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாங்கியவர் கேரளத்துக்காரர். விலை 62,000 ரூபாய், ரொக்கம். தரகர் இரண்டு மூன்று படிவங்களை எடுத்து நீட்டி, பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்கினார். மற்றக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. "பேரு மாத்துற காரியத்த நான் பாத்துக்கிடுதேன் சாரே, நீங்க அதுக்காவ அலைய வேண்டாம்" என்றார். பெரியப்பா மனம் நிறைந்து அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 கார்த்திகையில், பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. மோட்டார் விபத்து இழப்பீட்டு நடுவர் மன்றத்தின் அறிவிப்பு. பாலராமபுரம் அருகே இரவு எட்டு மணிக்கு, மீன் கூடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாளை அந்த வெள்ளை மாருதி இடித்திருந்தது. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. எதிர்மனுதாரர்களில் ஓட்டியவர் பெயர் முதலில், உடையவர் என்று பெரியப்பாவின் பெயர் இரண்டாவது. அதற்கு அடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயர் இருக்க வேண்டும். இல்லை. பாலிஸி காலாவதியாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அன்று மாலை பெரியப்பா எங்கள் பட்டறைக்கு வந்தார். அவர் பட்டறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. கிரீஸ் படிந்த பெஞ்சில் வெள்ளை வேட்டியோடு அப்படியே உட்கார்ந்தார். என் தந்தையார் காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "மக்கா, வண்டிய வித்தாச்சு. சாவியக் குடுத்தாச்சு. துட்டும் வாங்கியாச்சு. பின்ன எம் பேரு எதுக்குடே அங்க கெடக்கு?" என்று கேட்டார்.

"சாவியத்தானே அண்ணே குடுத்தீங்க, பேரக் குடுக்கலியே" என்றார் என் தந்தையார்.

தரகரைத் தேடிப் போனோம். அது அன்றைக்கே முடிந்த காரியம் என்று சொல்லிவிட்டார். வாங்கியவர் ஆறு மாதத்தில் வேறொருவருக்கு விற்றிருந்தார். அந்த வேறொருவர் தம் மைத்துனருக்குக் கொடுத்திருந்தார். மைத்துனர் விற்ற இளைஞர்தான் அன்றிரவு ஓட்டியவர். அந்தக் காலிப் படிவங்கள் இத்தனை கைகளிலும் வண்டியோடு கூடவே போயிருந்தன. ஒருவரும் பூர்த்தி செய்து அலுவலகத்தில் கொடுக்கவில்லை. கொடுத்தால் கேரள வரி கட்ட வேண்டுமே!

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்; படித்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் இது. பொருளை விற்பது என்ற கணக்கில், விலை வாங்கிக்கொண்டு வண்டியை ஒப்படைத்ததும் அது வாங்கியவருடையதாகிவிடுகிறது. இதில் ஐயமில்லை. பெரியப்பாவுக்கும் வாங்கியவருக்கும் இடையே அவர் நினைத்தது சரிதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் தனக்கென்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. அதன் 2ஆம் பிரிவின் 30ஆம் உட்பிரிவுப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உடையவர். தவணைக் கடனில் ஓடும் வண்டிக்கு அந்த ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவர், சிறுவர் பெயரில் இருந்தால் காப்பாளர் என்று விலக்கும் அங்கேயே இருக்கிறது. வாய்ச்சொல்லில் விற்றவருக்கு விலக்கு எதுவும் இல்லை.

2001இலேயே, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. விற்றது உண்மையாக இருக்கலாம். அதனால் மட்டும், அலுவலகப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மூன்றாவது மனிதருக்குப் பட்ட கடனிலிருந்து தப்ப முடியாது என்பது அதன் சாரம். பெரியப்பாவின் வக்கீல் ஆயினும் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். சட்டத்தில் உடையவர் என்பதன் விளக்கம் பழைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மாறியிருக்கிறது, சில உயர்நீதிமன்றங்கள் கடைசியாக வாங்கியவர் மேலேயே பொறுப்பைச் சுமத்தியிருக்கின்றன, பார்ப்போம் என்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2018 பிப்ரவரி 6ஆம் நாள் அந்த நம்பிக்கையும் போயிற்று.

அன்று உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கு அரியானா எண் கொண்ட ஒரு காரைப் பற்றியது. அதுவும் ஒரு மாருதி 800 தான்! 2009 மே மாதம் ஒரு மாலை, பின்னோக்கி வந்த அந்தக் கார் தெருவில் நடந்துபோன இருவர் மேல் ஏறியது. ஒருவர் இறந்தார், ஒரு பெண்மணி காயமடைந்தார். பதிவேட்டில் பெயர் இருந்தவர் 2007இலேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் இன்னொருவருக்கும், அவர் வேறொருவருக்குமாக வண்டி கைமாறியிருந்தது. உயர்நீதிமன்றம் கடைசிக் கை பொறுப்பு என்றது. உச்சநீதிமன்றம் அதை மாற்றி, பதிவேட்டுப் பெயர்தான் பொறுப்பு என்று தீர்த்தது. காரணத்தையும் தெளிவாகச் சொன்னது. அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ, பதியாத விற்பனைகளின் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் இது எனக்கு அநியாயமாகவே பட்டது. பெரியப்பா வண்டியைத் தொட்டே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ஒரு வாய்தாவுக்கு அவரோடு நானும் போனேன். அந்த அம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு வராந்தாவின் கோடியில் நின்றார். எட்டு மாதம் கூடை தூக்க முடியவில்லையாம். இப்போதும் தலையில் சுமந்து நடக்க முடியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறார். அவர் யாரைத் தேடுவார்? பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே நாலு கை மாறிய ஒரு வண்டியின் கதையை அவர் எப்படி அறிவார்? அவர் அறியக்கூடியது பின்னால் எழுதியிருந்த எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு நேரே ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும். பெரியப்பா அவரைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில், "அவ மேல ஒரு தப்பும் இல்லடே" என்று மட்டும் சொன்னார்.

தீர்ப்பு வட்டியோடு நாலு லட்சத்துக்குச் சற்று மேல் வந்தது. ஓட்டிய இளைஞரிடம் ஒன்றுமில்லை. குளக்கரைத் தோப்பில் ஏழு சென்ட் விற்றுப் பெரியப்பா கட்டினார். வாங்கியவர் மேல் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம் என்று வக்கீல் சொன்னார். அதற்கு அவருக்கு வயதும் இல்லை, மனமும் இல்லை.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மூன்றாவது மனிதருக்கான இன்ஷூரன்ஸ், 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஓராண்டுக்கு 2,094 ரூபாய் என்று 2022 ஜூனில் அரசு விதித்தது. பெரியப்பா வழக்கின் காலத்திலும் அது சில ஆயிரத்துக்குள்தான். உயிருக்கும் உடம்புக்கும் நேரும் நஷ்டத்துக்கு அந்தப் பாலிஸியில் உச்சவரம்பே கிடையாது. அந்தச் சில ஆயிரத்தை எவரேனும் கட்டியிருந்தால் ஏழு சென்ட் தோப்பும் தோப்பாகவே இருந்திருக்கும். அம்மாளுக்கும் பணம் விரைவில் கிடைத்திருக்கும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் என்பதையே நம் நண்பர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். அபராதம் ஒன்றும் பெரிதில்லை.

இங்கிலாந்தில் வழக்கம் வேறு என்று அங்கே படிக்கும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அங்கே கொடுக்கும் பதிவுத்தாளிலேயே, இஃது உடைமைக்குச் சான்றாகாது என்று அச்சிட்டிருக்குமாம். அதில் இருப்பது வண்டியை வைத்து நடத்துபவரின் பெயர் மட்டுமே. ஆனால் விற்ற உடனே விற்றவரே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆயிரம் பவுன் வரை அபராதம். தெரிவித்ததும் மிச்ச மாதங்களின் வரி அவருக்குத் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது. தெரிவிப்பதில் ஓர் இலாபம் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

நம் நாட்டிலும் கடமை இருவருக்கும் உண்டு. 50ஆம் பிரிவின்படி, விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வெளிமாநிலப் பதிவு என்றால் 45 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்றதைச் சொல்லும் படிவம் 29ஆம் எண். பெயர் மாற்றக் கேட்கும் படிவம் 30ஆம் எண். மாநிலம் மாறுவதானால் 28ஆம் படிவத்தில் ஆட்சேபம் இல்லை என்ற சான்று. அதற்கு அடிச்சட்ட எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். கடன் பாக்கி இருந்து தீர்ந்த வண்டியானால் வங்கியின் கையெழுத்தோடு 35ஆம் படிவம். என் தந்தையார் இப்போது பட்டறைக்கு வருகிற எவரிடமும் சொல்வது ஒன்றே: காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே, வாங்குகிறவனோடு நீயே அலுவலகத்துக்குப் போ, அல்லது இணையத்தில் உன் கண்முன்னே விண்ணப்பம் போகட்டும், ரசீது எண் கையில் வந்தபின் சாவியைக் கொடு. அது முடியாதபோது, வாங்கியவரின் அடையாளச் சான்று நகலோடு, ஒப்படைத்த நாளும் மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளாவது வேண்டும். 29ஆம் படிவத்தை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவைக்க வேண்டும். அது நல்ல சாட்சி, முழுக் கவசமாகாது. பெயர் மாறும்வரை இன்ஷூரன்ஸ் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தரகர் வழியாக விற்பவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, பழைய கார் வியாபாரி அரசிடம் அங்கீகாரம் பெறலாம். அத்தகைய வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து 29சி படிவத்தில் தெரிவித்தால், அடுத்தவர் பெயர் ஏறும்வரை வியாபாரியே உடையவராகக் கருதப்படுவார். பெரியப்பா காலத்தில் இது இல்லை. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கும் இதிலே வேதனை உண்டு. பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் காருக்கு விபத்து நேர்ந்து, தம் வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்டால், பாலிஸி யார் பெயரில் என்று கம்பெனி கேட்கும். 157ஆம் பிரிவு மூன்றாவது மனிதருக்கான பாதுகாப்பைத் தானாகவே புதியவருக்கும் நீட்டிக்கிறது. சொந்தச் சேதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 14 நாளுக்குள் தெரிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உடையவர் விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த தள்ளுபடி வண்டியோடு வராது என்பதையும் அறிக. அது மனிதருக்கு உரியது. அவர் தம் அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்றதும், எல்லாச் சேதத்துக்கும் மூன்றாண்டு என்று எண்ணிக்கொண்டவர்கள் நம் விடுதியிலேயே இருவர். அந்த மூன்றாண்டு மூன்றாவது மனிதருக்காக மட்டுமே. நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டில் முடிகிறது.

இன்னொன்றைத் தயக்கத்தோடு எழுதுகிறேன். நம்மில் சிலர் ஓட்டும் வண்டி, காலமான தந்தையாரின் பெயரில் இருக்கிறது. அப்பா பெயர் இருக்கட்டுமே என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பெயரை வீட்டுச் சுவரில் படத்துக்குக் கீழே வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, இக்கட்டுரையை நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு உண்மையான காரணம். விடுதி வாசலில் பலாமரத்தடியில் நிற்கும் நீல நிறக் காரை அறியாதவர் இல்லை. கே.எல். 22 எண். ஆறு பேர் சேர்ந்து பெட்ரோல் போட்டு, கோவளத்துக்கும் பொன்முடிக்கும் போய் வந்த வண்டி. பட்டம் பெற்றுப் போகிற மூத்தவர் அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் அதன் வைப்பர் தேய்ந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனவன், முன்பெட்டியிலிருந்த ஆர்.சி. அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த பெயர் இப்போது இங்கே இருக்கும் ஒருவருக்கும் தெரியாத பெயர். 2019இல் படிப்பை முடித்துப் போனவர். இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்று பார்த்தேன்; அதை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. அந்த வண்டியில் நானும் பொன்முடிக்குப் போயிருக்கிறேன்.

பழைய மலர்களைப் புரட்டி, துறை அலுவலகத்தில் கேட்டு, அவருடைய எண்ணைக் கண்டுபிடித்தோம். சார்ஜாவில் வேலையாக இருக்கிறார். அவரும் 2019இல் நம் போன்ற ஒருவருக்குத்தான் கொடுத்திருக்கிறார். 15,000 ரூபாய் வாங்கியதாக நினைவாம். விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அது இன்னும் ஓடுதா தம்பி?" என்று கேட்டார். வரும் டிசம்பரில் ஊருக்கு வருகிறார். 29ஆம் படிவமும் 30ஆம் படிவமும் பூர்த்தி செய்து என்னிடம் தயாராக இருக்கின்றன. எந்தப் பெயருக்கு மாற்றுவது என்பதில்தான் ஆறு பேருக்கும் இப்போது பெரிய மரியாதை. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். அதுவரை வண்டி பலாமரத்தடியிலேயே நிற்கும். சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.